கம்பு எட்டும் தூரம்

சென்ற ஆனி மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த கையோடு, எங்கள் சிலம்பக்கூடத்தில் புதிதாகப் பதினோரு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கூடம் என்று பெயர்தானே தவிர அதற்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு குளத்தங்கரையை ஒட்டிய பொட்டல் அது. நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு தண்ணீர்க் குடம், கம்புகளைச் சாத்தி வைக்க இரண்டு கவைக் கம்புகள், அவ்வளவுதான். பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாரம் ஆனதும், அவர்களில் ஒரு சிறுவனின் தாயார் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, ஆறு நாளா பிள்ள மண்ணுல கோட்டப் போட்டு நடந்துக்கிட்டே இருக்கான். எப்பந்தான் கையில கம்பக் குடுப்பிய?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கோயில் கொடையில் சப்பரத்துக்கு முன்னால் கம்பு சுழல்வதைப் பார்த்து, அந்தச் சத்தத்தில் மயங்கி வந்த பிள்ளை அவன். வந்த இடத்தில் கம்பைத் தொடவே விடாமல், நடக்கத் தெரிந்தவனுக்கு நடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கும் ஐயம் எழத்தான் செய்யும். அன்று மாலை இருட்டிக்கொண்டு வந்ததால், “இன்னும் ஒன்றரை மாசம் பொறுங்கம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவருக்கும், அவரைப் போலப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும், நாற்பதை நெருங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாமா என்று தயங்கி நிற்கும் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியதை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன். நான் 39 வயதில் சேர்ந்தவன். பத்து ஆண்டுகளாக ஆசானிடம் கற்றுவருகிறேன்; அவற்றில் கடைசி நான்கு ஆண்டுகளாகப் புதியவர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவர் என்னிடம் விட்டிருக்கிறார்.

முதல் சில வாரங்களில் நடப்பதெல்லாம் காலடி வைப்புதான். தெற்கே குமரிப் பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் பயில்பவர்கள் இதையே சுவடு என்பார்கள். ஆசான் கம்பின் நுனியால் மண்ணில் ஒரு கூட்டல் குறி கீறுவார். நடுப்புள்ளியில் நின்றுகொண்டு, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, வலத்தே ஒன்று, இடத்தே ஒன்று என்று காலை எடுத்து வைத்து மீண்டும் நடுவுக்கு வர வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும்; உடலின் பாரம் குதிகாலில் தங்காமல் முன்பாதத்தில் நிற்க வேண்டும்; கால் மாறும்போது தலை மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு அதே கோடுகளில் திரும்புதல், குறுக்கே மாறுதல், குதித்து இடம் மாறுதல் என்று சிறிது சிறிதாகக் கூடும். பார்ப்பவர்களுக்கு இது பாண்டி ஆட்டம் போலத் தோன்றும். ஆனால் சுழலும் கம்பு, பிடித்திருப்பவனையே தன் பக்கம் இழுக்கும் தன்மை உடையது. கையில் கம்பு ஏறிய பிறகு காலைக் கவனிக்க மனம் இருக்காது; கண்ணும் நினைப்பும் கம்போடு போய்விடும். அப்போது கால் தானாகவே சரியான இடத்தில் விழ வேண்டுமானால், அது முன்னமே பழகியிருக்க வேண்டும். “ஏல, கம்பு தப்பினா எடுத்துக்கிடலாம், காலு தப்பினா விழுந்துருவ” என்று ஆசான் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார்.

காலடி பழகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; என்னைப் பொறுத்தவரை அதுவே முதற் காரணம். புதிதாக வரும் ஒருவர் முதலில் பெற வேண்டிய அறிவு, ஒரு கம்பு எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான். வளர்ந்த ஒருவர் பிடிக்கும் கம்பு ஏறக்குறைய ஐந்தரை அடி, அதாவது 168 சென்டிமீட்டர் இருக்கும். அதன் அடிமுனையைப் பிடித்துக் கையை நீட்டினால், கையின் நீளத்தோடு சேர்த்து ஏழரை அடி வரை கம்பின் வீச்சு போகும். ஒரு காலடி முன்னே வைத்தால் பத்தடி. ஆகவே, பத்தடிக்கு அப்பால் நிற்பவர் பாதுகாப்பாக நிற்கிறார், அதற்கு உள்ளே நிற்பவர் அடிபடும் இடத்தில் நிற்கிறார். அந்தப் பத்தடியைக் கயிறு வைத்து அளக்காமல் கண்ணாலும் காலாலும் அறிவதற்குத்தான் அத்தனை நாள் மண்ணில் நடக்க வைக்கிறோம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. கம்பின் நடுவைப் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றுவது நான்கைந்து மாதப் பயிற்சியிலேயே கைகூடிவிடும். நுனி மையத்திலிருந்து 84 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் ஐந்தேகால் மீட்டருக்கும் சற்று மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால், கை ஏதோ மெதுவாகச் சுழல்வது போலத் தோன்றும்போதே நுனி மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் கம்பு சிறியது, வேகமும் குறைவுதான். ஆனாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் கண்ணுக்கு அந்த வேகமே போதுமானது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் சேர்ந்த நான்காவது மாதம், ஒரு மாலை நேரத்தில், தலைக்கு மேல் சுழற்றும் வீச்சு முதன்முறையாகத் தடையில்லாமல் வந்த உற்சாகத்தில், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாராமலேயே ஒரு காலடி பின்வைத்தேன். குடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்த ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனின் இடப் புருவத்தில் என் கம்பின் நுனி பட்டது. மூன்று தையல் போட வேண்டியிருந்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை. அவனுடைய தகப்பனார் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வாரமே மகனைத் திரும்பவும் கூடத்துக்கு அனுப்பினார். ஆசான் என்னிடமிருந்து கம்பை வாங்கி வைத்துவிட்டு, “தம்பி, ஒரு மாசம் மண்ணுல நடங்க” என்றார். நடந்தேன். குடத்தை மரத்தின் அந்தப் புறம் மாற்றி வைத்ததும், யாராவது குடத்தருகே போனால் எல்லாரும் கம்பைத் தாழ்த்த வேண்டும் என்ற விதி வந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் முதல் நாள் பார்க்க வேண்டியது, ஆசானின் சுருள்வாள் வீச்சையோ சுவரில் மாட்டிய கோப்பைகளையோ அன்று. பயிற்சி நடக்கும்போது ஓரமாக நின்று, பிள்ளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று பாருங்கள். சிறியவர்களும் பெரியவர்களும் ஒரே வரிசையில் நின்று சுழற்றுகிறார்களா, ஒரு கம்பு கை நழுவினால் மற்றவர்கள் உடனே நிறுத்துகிறார்களா, கூட்டம் அதிகமான நாளில் பாதிப் பேரை உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள். அரை மணி நேரம் இதைக் கவனித்தால் அந்த இடத்தைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பகுதியை அறிந்துவிடலாம்.

கம்பைப் பற்றி நான் நிறையச் சொல்ல ஆசைப்படுவேன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்றால் கம்பின் மேல்முனை நெற்றியைத் தொட வேண்டும் என்பது பொதுவான அளவு. எனவே வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு கம்பு மாற்ற நேரிடும். அண்ணனின் கம்பைத் தம்பிக்குக் கொடுத்து அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். நீளம் கூடிய கம்பு சிறுவனின் மணிக்கட்டை முறுக்கிவிடும். தொடக்கத்துக்குப் பிரம்பு நல்லது. அது உள்ளே கெட்டியானது, வளைந்து கொடுக்கும், பட்டாலும் அதிர்வு குறைவு, எளிதில் பிளக்காது. மூங்கில் கடினமானது, அதிலும் உட்கூடு குறைந்த கல்மூங்கில் கைக்கு நன்றாகப் பாரம் காட்டும், ஆனால் நாளானால் நீளவாக்கில் கீறல் விடும். கீறல் விட்ட கம்பைத் தரையில் தட்டினால் கணீரென்ற ஓசை போய், பொத்தென்று ஒலிக்கும். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் பழைய வேட்டித் துணியால் கம்பை முனைக்கு முனை உருவிப் பார்க்க வேண்டும். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது என்று பொருள். உரசுதாளால் தேய்த்து, எண்ணெய் தடவி வைத்தால் மறுநாள் பயன்படும். சிலாம்பு கையில் ஏறிவிட்டால் ஊசியால் தோண்டிக்கொண்டிராமல், ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பு கைக்கு வந்த முதல் பதினைந்து நாளில் உள்ளங்கையில், விரல்களின் அடியில், கொப்புளம் வரும். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை, மண்வெட்டி பிடித்துப் பழகியவர், எழுதுகோல் மட்டுமே பிடித்தவர் என்ற வேறுபாடு இதில் மிகக் குறைவுதான். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. அதுதான் உள்ளே புதுத் தோல் வளரும்வரை மூடியாக இருக்கிறது. இரண்டு நாள் கம்பைத் தொடாமல் காலடி மட்டும் பயின்றால் போதும். கம்பை இறுகப் பிடிப்பவர்களுக்கே கொப்புளம் அதிகம் வரும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களும் திறந்து மூடிக் கம்பை விட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் கையும் தப்பும், வீச்சும் ஓடும்.

உடம்பு வலியைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருப்பது நல்லது. பழகாத வேலை செய்த தசைகள் அன்று வலிப்பதைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கூடுதலாக வலிக்கும். முதல் வாரம் சேர்ந்து, மூன்றாம் நாள் படி இறங்க முடியாமல், “இது நமக்குச் சரிப்படாது” என்று நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வலி தானாகவே தணிந்துவிடும். வேறொரு வலி உண்டு; அதை மறைக்கக் கூடாது. மூட்டின் ஒரே புள்ளியில் குத்துவது போன்ற வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்பட்டை வலி, வீக்கத்தோடு வரும் மணிக்கட்டு வலி ஆகியவற்றை ஆசானிடம் அன்றன்றே சொல்லிவிட வேண்டும். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும். தசையை எலும்போடு கட்டும் நார்கள் பலப்பட அதைவிட அதிக காலம் ஆகும். மூன்றாவது மாதத்தில் ‘நமக்குத்தான் வந்துவிட்டதே’ என்று வேகத்தைக் கூட்டுபவர்களின் தோளும் முழங்கையும் பழுதாவதற்கு இந்த இடைவெளியே காரணம். தலையில் அடிபட்டவர் அதன்பின் வாந்தி எடுத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வழக்கமில்லாத நேரத்தில் தூக்கம் தூக்கம் என்றாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் பொட்டலில் வெறுங்காலோடுதான் பயிற்சி. மண்ணைத் தொடும் பாதத்துக்குச் சமநிலை விரைவில் பிடிபடும் என்பது உண்மை. ஆனால் நெருஞ்சியும் உடைமுள்ளும் நிறைந்த ஊர் இது. பிள்ளைகள் வந்தவுடன் செய்யும் முதல் வேலை, வரிசையாக நின்று தரையைக் கூட்டி முள் பொறுக்கி, தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பதுதான். இதைக் கூலியில்லா வேலை என்று ஒரு தகப்பனார் கோபித்துக்கொண்டார். தான் உருளப் போகும் தரையைத் தானே கையால் தடவிப் பார்ப்பதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் மட்டும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதே தெரியாமல் புண் ஆழமாகிவிடும். அவர்களுக்குத் தட்டையான அடி உள்ள துணிக் காலணி போதும். இரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவதும், அதை ஆசானிடம் ஒளிக்காமல் சொல்வதும் முறை. சித்திரை, வைகாசி வெயிலில் மாலை ஐந்தரை மணிக்கு முன் கம்பெடுக்க நாங்கள் விடுவதில்லை. பயிற்சிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்பதைக் கேட்டுவிட்டு, பகல் முழுவதும் பட்டினியாக வந்து மயங்கி விழும் பிள்ளைகளும் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரண்டு வாழைப்பழமோ ஒரு செம்பு நீராகாரமோ குடித்துவிட்டு வந்தால் உடம்பு தாங்கும்.

ஆறு மாதம் அளவில், எதிரே ஓர் ஆளை நிறுத்துவோம். அன்று பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஏமாற்றம் வரும். தனியாகச் சுழற்றும்போது காற்றைக் கிழித்த கை, எதிரே ஒரு முகம் வந்ததும் கட்டுண்டு நிற்கும். கம்பு நெருங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். இது கோழைத்தனம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முகத்தை நோக்கி ஒரு பொருள் வந்தால் இமை மூடுவது உடம்பின் இயல்பான காவல். மெதுவாக வரும் கம்பை நூறு முறை, இருநூறு முறை தடுத்துப் பழகப் பழக, இமை திறந்தே நிற்கக் கற்றுக்கொள்ளும். கம்பின் நுனியைப் பார்த்துத் தடுக்க முயல்பவர்களுக்கு அது எப்போதும் ஒரு கணம் பிந்தியே தெரியும். நுனி அத்தனை விரைவாகப் போகிறது. எதிராளியின் தோளையும் மார்பையும் பார்த்துக்கொண்டிருந்தால் கம்பு கிளம்புவதற்கு முன்பே எங்கிருந்து கிளம்பும் என்பது தெரிந்துவிடும். முதலில் தடுப்பு, பிறகே வெட்டும் குத்தும் என்பது எங்கள் ஆசானின் வரிசை. எதிராளியின் மேல் படாமல், பட வேண்டிய இடத்துக்கு நாலு விரற்கடை முன்னால் கம்பை நிறுத்த முடிந்தவருக்கே முழு வேகத்தில் ஆட அனுமதி கொடுப்பார். இந்த நிறுத்தல்தான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அதற்கு மட்டும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆசானைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. சிலம்பத்துக்கு வரும் முன் என் மகளை நகரத்தில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்டினால் அடுத்த நிறத்தில் ஒரு பெல்ட் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஆண்டில், வெளியூர்ப் போட்டி ஒன்றில் எதிரே நின்ற சிறுமியின் முதல் உதையை எப்படித் தடுப்பது என்றே தெரியாமல் அவள் நின்றதைப் பார்த்தபோது, அவளை ஏமாற்றியதில் எனக்கும் பங்கு இருப்பதாக உணர்ந்தேன். கராத்தேயின் மேல் எனக்கு மனக்குறை கிடையாது. அதைச் செம்மையாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களைப் பாளையங்கோட்டையிலேயே பார்த்திருக்கிறேன். நிறப் பட்டை என்பதே பிற்காலத்து ஏற்பாடு என்பதை மட்டும் பெற்றோர் அறிந்திருக்கலாம். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பள்ளிப் பாடம் போலப் படிநிலைகளை வகுத்தார். அந்த முறையைப் பின்பற்றி கிச்சின் ஃபுனகோஷி கராத்தேயில் முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கியது 1924ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பும் மக்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். ஆகவே, பட்டை வருகிறதா என்பதை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் செய்ய முடியாத எதைப் பிள்ளை இன்று செய்கிறது என்று பாருங்கள்.

வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய கலை, சொல்லித்தருவதாகச் சொல்லிப் புதியவர்களை அழைப்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். வர்மங்கள் 108 என்றும், அவற்றில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவையான தொடுவர்மம் 96 என்றும் மரபில் எண்ணுவார்கள். நம் தென்பகுதியில் இந்த அறிவு அடிக்கும் முறையோடு நின்றுவிடாமல், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுதல், தடவுதல் போன்ற மருத்துவத்தோடு பிணைந்து வந்தது. பல ஆண்டுகள் உடனிருந்து, கோபத்தை அடக்கத் தெரிந்தவன் என்று கண்டறிந்த மாணவனுக்கே ஆசான்கள் அதைச் சொன்னார்கள். பத்து நாள் முகாமில் அதைக் கற்பிக்கிறேன் என்பவரிடம் எந்தப் பிள்ளையையும் அனுப்ப எனக்கு மனம் வராது.

பணிவு முறைகளைப் பற்றியும் சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். முன்பு சொன்ன சர்க்கரை நோயாளிகளைத் தவிர யாரும் கூடத்துக்குள் காலணியோடு வரக் கூடாது, கம்பைத் தாண்டக் கூடாது, தரையைத் தொட்டு வணங்கியே தொடங்க வேண்டும், ஆடத் தொடங்கும் முன் சலாவரிசை செய்ய வேண்டும் என்பவை எங்கள் வழக்கம். சலாவரிசை என்பது கம்போடு செய்யும் வணக்கம்; மண்ணுக்கும் ஆசானுக்கும் எதிரே நிற்பவருக்கும் சேர்த்தே அது செய்யப்படுகிறது. எங்கள் கூடத்தில் எல்லாச் சாதியாரும், மூன்று மதத்தாரும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள். எந்தக் கூடத்திலாவது இதற்கு மாறாக ஒன்றைக் கண்டால், அங்கே எவ்வளவு சிறந்த வீச்சு இருந்தாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

வீரக் கதைகளை எதிர்பார்த்து வரும் பிள்ளைகளும் உண்டு. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும், 1801இல் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் இங்கிருந்து தொலைவில் இல்லை. பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்ட வரலாற்றைப் பிள்ளைகள் கேட்டால் ஆசான் மழை நாள்களில் சொல்வார். பயிற்சி நேரத்தில் சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று எங்கள் கூடத்தில் சரிபாதி அவர்கள்தான்; பொறுமையாகக் காலடி பழகுவதில் பலர் ஆண் பிள்ளைகளை முந்துகிறார்கள். துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்ட வேண்டும், வளையலும் தொங்கட்டானும் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவ்வளவே. பெற்றோர் யாரும் பயிற்சி முழுவதையும் வந்து பார்க்கலாம். பார்க்கக் கூடாது என்று தடுக்கும் இடம் எதுவானாலும் ஐயுற வேண்டும்.

போட்டிகளும் சான்றிதழ்களும் பற்றிய எதிர்பார்ப்பு முன்பைவிட மிகுந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இவை மகிழ்ச்சியானவை, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் சேர்ந்த மூன்றாவது மாதமே போட்டிக்கு அனுப்பச் சொல்வது பிள்ளைக்கு நன்மை செய்யாது. நெடுங்கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு போன்ற தனிப்பிரிவுகளுக்கு ஓராண்டுப் பயிற்சியாவது வேண்டும். எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கு இரண்டாண்டு ஆன பிறகே எங்கள் ஆசான் பெயர் கொடுப்பார். அவசரப்பட்டு வேறிடம் போனவர்களும் உண்டு. அவர்களில் இருவர் திரும்பி வந்தபோது, ஆசான் ஒன்றும் கேட்காமல் மண்ணில் கூட்டல் குறி கீறிக் கொடுத்தார்.

ஆவணி மாதம் முதல் வாரத்தில், அந்தத் தாயாரின் மகனுக்குக் கம்பு கொடுக்கும் நாள் வந்தது. வெற்றிலை பாக்கோடு பதினொரு ரூபாய் தட்சணை வைத்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசான் கையிலிருந்து தன் நெற்றியளவு பிரம்பை வாங்கினான். அவனுடைய தாயார் வேப்பமரத்துக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடனே சுழற்றிவிடுவான் என்று நானும் நினைத்தேன். அவனோ கம்பின் அடிமுனையைப் பிடித்துக் கையை முழுதாக நீட்டி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழு வட்டம் திரும்பினான். முன்னால் யாரும் இல்லை, இடத்தே யாரும் இல்லை. பின்புறம் திரும்பியபோது, அவனுக்குப் பிறகு சேர்ந்த ஒரு சிறுமி தரையில் குந்தியிருந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கம்பைத் தாழ்த்திக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் முள்ளை எடுத்துவிட்டு எழுந்து போகும்வரை அப்படியே நின்றான்.